உங்களுக்குத் தெரியுமா? உறைக்குள் ஓர் ஊர்

அமெரிக்காவில் அறுவை சிகிச்சை நிபுணராக விரும்பும் மருத்துவ மாணவர், நேர்காணல்கள் முடிந்ததும் பயிற்சிக்கான மருத்துவமனைகளைத் தன் விருப்ப வரிசையில் எழுதித் தருகிறார். மருத்துவமனைகளும் மாணவர்களை வரிசைப்படுத்தித் தருகின்றன. இரண்டையும் கணினி பொருத்துகிறது. வரிசைகளைப் பொருத்தும் இந்த ஏற்பாடு 1952 முதல் இருக்கிறது. பொருளாதார அறிஞர் ஆல்வின் ராத்தும் எலியட் பெரன்சனும் திருத்த, 1998-இல் நடைமுறைக்கு வந்த முறை, மாணவரின் விருப்பத்திலிருந்தே தொடங்குகிறது. கிடைக்காதோ என்று பயந்து, ஆசைப்பட்ட இடத்தைக் கீழே தள்ள வேண்டியதில்லை. எவ்வளவு பெரிய நிம்மதி! ராத்துக்கு 2012-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, இடம் உண்டா இல்லையா என்பது மட்டும் தெரியும். எந்த ஊர் என்பது அதே வாரம் வெள்ளிக்கிழமைதான். பல கல்லூரிகளில் பெற்றோர் பக்கத்தில் நிற்க, மாணவர்கள் கை நடுங்க உறையைப் பிரிக்கிறார்கள். உறைக்குள் இருக்கும் ஊரில்தான் பயிற்சிக் காலம்; மூளை நரம்பு அறுவை சிகிச்சை என்றால், 7 ஆண்டுப் பயிற்சி.