கேட்காமல் வரும் பணம், கேட்டால்தான் வரும் பணம்

"நாப்பத்தஞ்சாயிரம் கோடியாம்ல வேளாண் பட்ஜெட்டு! நம்ம ஊருக்கு அதுல நாப்பத்தஞ்சு ரூவாயாவது வந்துச்சா?"

டீக்கடையில் பக்கத்து வயல்காரர் இப்படிக் கேட்டபோது எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். அவர் மோட்டாருக்குக் கரண்ட் பில் வருவதில்லை. அவர் வாங்கும் யூரியா மூட்டையின் விலையில் பெரும்பகுதியை அரசாங்கம் கட்டுகிறது. அவருக்குப் பணம் வந்துகொண்டுதான் இருக்கிறது. வருவதுதான் கண்ணுக்குத் தெரியவில்லை. அவருடைய அண்ணன் மகன் இயற்கை விவசாயத்துக்கு மாறி இது இரண்டாவது வருடம். விளைச்சல் இறங்கிப்போய்த் திணறிக்கொண்டிருக்கிறான். "இன்னும் ஒரு போகம் பாக்குறேன், இல்லன்னா பழையபடி உரத்துக்கே போயிடுறேன்"னு சொல்றான். அவனுக்கு எந்த உதவியும் தானாக வரவில்லை.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை. பட்ஜெட் என்றால் படித்தவர்கள் சமாச்சாரம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். நம் வீட்டு வரவு செலவு தெரிந்தவருக்கு இதுவும் புரியும்.

பெரிய தொகைக்குள் என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டில் வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை முதன்முதலாக 2021 ஆகஸ்ட் 14-ஆம் தேதி சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அப்போது சொன்ன தொகை சுமார் 34,220 கோடி ரூபாய். 2025-26-க்குச் சொன்னது 45,661 கோடி. விவசாயத்துக்குத் தனி அறிக்கை வேண்டும் என்பது உழவர் அமைப்புகள் பல காலம் கேட்டது. வந்தது நல்லதுதான்.

ஆனால் இது முழுவதும் புதுப் பணம் என்று நினைத்துவிடக் கூடாது. வேளாண்மை, தோட்டக்கலை, கால்நடை, மீன்வளம், கூட்டுறவு, நீர்வளம், மின்சாரம், ஊரக வளர்ச்சி என்று பல துறைகளில் பிரிந்து கிடக்கும் செலவை ஒரே இடத்தில் கூட்டிக் காட்டுகிறார்கள். அண்ணன் தம்பி நாலு பேர் சம்பளத்தைக் கூட்டி 'எங்க குடும்ப வருமானம்' என்று சொல்வதுபோலத்தான்.

2024-25 அறிக்கையை எடுத்துக்கொள்வோம். மொத்தம் சுமார் 42,281 கோடி. அதில் இலவச மின்சாரத்துக்காக மின்வாரியத்துக்குப் போகும் தொகை 7,280 கோடி. அதே ஆண்டு மண்வளத்துக்கென்று அறிவித்த 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்துக்கு 206 கோடி. மொத்தத்தை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கரண்டுக்கு 17 ரூபாய், இந்த மண்வளத் திட்டத்துக்கு அரை ரூபாய்.

மண்ணுக்கான பணம் வேறு சில திட்டங்களிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது; அதையும் மறுக்கவில்லை. இந்த 206 கோடியிலும் நல்ல வேலைகள் உண்டு. பசுந்தாள் உர விதை (2 லட்சம் ஏக்கருக்கு 20 கோடி), மண்புழு உரப் படுகை, களர் நிலச் சீர்திருத்தம், பூச்சி விரட்டிக்காக நொச்சி, ஆடாதொடைக் கன்றுகள். நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொன்ன விஷயங்கள் இன்று அரசாங்கக் காகிதத்தில் ஏறியிருக்கின்றன. ஏறிய அளவுதான் போதாது.

ஒரு மூட்டை யூரியா, ஒரு ஏக்கர் இயற்கை

இனி உரக் கணக்கு. இது மாநிலப் பட்ஜெட்டில் வராது, மத்திய அரசின் பணம். ஆனால் நம் வயலுக்கு இரண்டும் சேர்ந்துதானே வருகிறது.

45 கிலோ யூரியா மூட்டையை நாம் வாங்கும் விலை 266 ரூபாய் சொச்சம். அதன் உண்மையான விலை சுமார் 2,200 ரூபாய் என்று 2023-ல் மத்திய அரசே சொன்னது. அப்படியென்றால் மூட்டைக்கு 1,900 ரூபாய்க்கு மேல் மானியம். இதற்கு மனு எழுத வேண்டாம், கூட்டத்துக்குப் போக வேண்டாம். கடையில் ஆதாரைக் காட்டிக் கைரேகை வைத்தால் போதும்.

இயற்கைக்கு மாறுபவருக்கு 'பரம்பரகத் கிருஷி விகாஸ் யோஜனா' என்ற திட்டம் இருக்கிறது. மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் போடும் திட்டம். சுமார் 50 ஏக்கர் (20 ஹெக்டேர்) சேர்ந்த குழுவாக இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு மூன்று ஆண்டுகளுக்கு 31,500 ரூபாய். இதில் விவசாயியின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருவது 15,000. மீதி சான்றளிப்பு, பயிற்சி, விற்பனை ஏற்பாடு போன்றவற்றுக்குப் போய்விடும். ஏக்கர் கணக்கில் வகுத்துப் பார்த்தால், ஒரு ஏக்கருக்கு ஒரு வருடத்துக்கு ஏறத்தாழ 2,000 ரூபாய்.

அதாவது, ஒரே ஒரு மூட்டை யூரியாவில் கேட்காமலே கிடைப்பதும், ஒரு ஏக்கரை இயற்கைக்கு மாற்ற ஒரு வருடம் முழுக்கக் கிடைப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதுவும் குழு சேர்த்து, பதிவேடு எழுதி, ஆய்வுக்கு வந்தவரை வரப்பு வரப்பாக அழைத்துப் போன பிறகு.

மேலே போய்ப் பார்த்தாலும் இதே கதைதான். 2025-26 மத்திய பட்ஜெட்டில் உர மானியத்துக்கு ஒரு லட்சத்து அறுபத்தேழாயிரம் கோடிக்கு மேல். தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு 616 கோடி.

மாறுகிற முதல் மூன்று வருடம்தான் கஷ்டம் என்பது நமக்கெல்லாம் தெரியும். மண்ணில் உயிர் திரும்பும் வரை விளைச்சல் குறையும், களை எடுக்க ஆள் கூலி ஏறும், சான்று வராததால் விலையும் கிடைக்காது. கைதூக்கிவிட வேண்டிய அந்த நேரத்தில்தான் பணம் ஒல்லியாக இருக்கிறது. அந்தத் தம்பி திணறுவதற்கு அவனுடைய உழைப்புக் குறைவு காரணமில்லை.

எந்தப் பணம் எந்தக் கதவில்?

நமக்கு உதவும் பணம் ஒரே அலுவலகத்தில் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டிய கதவுகள் இவை:

வட்டார வேளாண்மை விரிவாக்க மையம், நாம் டெப்போ என்று சொல்வது. பசுந்தாள் விதை, நெல் ஜெயராமன் பெயரிலான மரபு நெல் பாதுகாப்பு இயக்கத்தில் வரும் பாரம்பரிய நெல் விதை, வேளாண் காடு வளர்ப்பில் வரப்போரம் வைக்க இலவச மரக்கன்று எல்லாம் இங்கே. உழவன் செயலியிலும் பதியலாம்.

சொட்டுநீருக்கு வேளாண்மைத் துறை அல்லது தோட்டக்கலைத் துறை. சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. இயற்கை விவசாயம் செய்பவர் இதைக் கேட்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

பண்ணைக்குட்டை, மண் அரிப்புத் தடுப்பு, வாடகைக்கு இயந்திரம் என்றால் வேளாண்மைப் பொறியியல் துறை.

ஏரி, குளம் என்றால் முதலில் அது யாருடையது என்று பாருங்கள். 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள சிறு ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, பெரியவை நீர்வளத் துறையுடையவை. இது தெரியாமல் ஒரு வருடம் தவறான வாசலில் நின்ற ஊர்கள் உண்டு. 2017-ல் குடிமராமத்து மீண்டும் தொடங்கியபோது 100 கோடியில் 1,519 வேலைகள் எடுத்தார்கள். பாசனக்காரர்கள் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது ஏற்பாடு. கூடிப் பேசும் பாசனச் சங்கம் இருந்த ஊர்களுக்கு அது சுலபமாக இருந்தது.

வண்டல் மண்ணுக்குத் தாசில்தார் அலுவலகம். 2024 முதல் வட்ட அளவிலேயே அனுமதி கிடைக்கிறது, மண்ணுக்குக் காசு கிடையாது. ஏரியும் ஆழமாகும், வயலும் உரமாகும். நம் தாத்தா காலத்து உரக்கடை அதுதான்.

காட்டுப்பன்றி, யானை பயிரை அழித்தால் இழப்பீடு வனத்துறையில். மரக்கன்று நாற்றங்கால்களும் அவர்களிடம் உண்டு.

சொன்ன தொகையும் செலவான தொகையும்

பட்ஜெட்டில் ஒரே தலைப்புக்கு மூன்று எண்கள் உண்டு. முதலில் வருவது மதிப்பீடு. செய்தித்தாளில் வருவது அதுதான். அடுத்த ஆண்டு வருவது திருத்திய மதிப்பீடு. அதற்கும் அடுத்த ஆண்டு வருவதுதான் கணக்கு, உண்மையில் செலவான தொகை. அறிவிப்பு வந்த அன்று எல்லோரும் பேசுகிறோம். கணக்கு வரும்போது அந்தத் திட்டத்தின் பெயரையே மறந்திருப்போம். செலவாகாத பணம் மார்ச் 31-ஆம் தேதி திரும்பிப் போய்விடும்.

பணத்தின் காலண்டரும் பயிரின் காலண்டரும் ஒத்துப்போவதில்லை என்பது இன்னொரு சிக்கல். ஒரு வருடம் எங்கள் பகுதியில் தக்கைப்பூண்டு விதை வந்தது, சம்பா நடவு முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு! "ஏங்க, இத இப்ப எங்க விதைக்கிறது, தலையிலயா?"ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. மூட்டையை வாங்கிக் கையெழுத்துப் போட்டோம். திட்டம் நிறைவேறியதாகக் கணக்கு எழுதியிருப்பார்கள். மண்ணுக்கு ஒன்றும் சேரவில்லை. சித்திரை, வைகாசியில் வேண்டிய விதையைத் தையிலேயே கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

நாம் செய்யக்கூடியவை

1. தனியாகப் போகாதீர்கள். பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்து 50 ஏக்கர் திரட்டுங்கள். குழுச் சான்றுக்கும் அதுவே வழி. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம், சிறு குறு விவசாயி சான்று ஆகியவற்றின் நகல் எல்லோரிடமும் தயாராக இருக்கட்டும்.

2. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஏரி, வரத்து வாய்க்கால், வண்டல் பற்றித் தீர்மானம் போட அதைவிடப் பொருத்தமான நாள் வேறில்லை. தீர்மான நகலைக் கேட்டு வாங்குங்கள்.

3. ஆட்சியர் நடத்தும் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். பேசியது காற்றோடு போகும், எழுதியதற்குப் பதில் வர வேண்டும்.

4. மேலே எவ்வளவு ஒதுக்கினார்கள், நம் வட்டாரத்துக்கு எவ்வளவு வந்தது, யார் யாருக்குப் போனது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும்.

5. துறை மானியக் கோரிக்கையின்போது வெளியாகும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே இருக்கிறது. ஊரில் படிக்கிற பிள்ளைகளிடம் கொடுத்து, நமக்கான பக்கத்தை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள்.

கரண்ட் எப்படி வந்தது?

இலவச மின்சாரத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இன்று மனுப் போடாமல் மாதாமாதம் கிடைக்கும் அந்த உதவி, ஒரு காலத்தில் ரத்தம் சிந்திக் கேட்டது. மின் கட்டணத்தில் ஒரு பைசா குறைக்கச் சொல்லி நடந்த போராட்டத்தில், 1970-ல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளைக் கட்டிக்கொண்டு போய் மறித்தார்கள். 1990-ல்தான் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. இருபது வருடம்! சேர்ந்து கேட்டதால்தான் அது இன்று கேட்காமல் வருகிறது.

மண்ணுக்கும் அப்படித்தான் கேட்க வேண்டும். இயற்கைக்கு மாறும் முதல் மூன்று வருடங்களுக்கு, மூட்டைக்கு மானியம் வருவதுபோல, ஏக்கருக்கு நேரடியாக, குழுவுக்கு வெளியே இருக்கும் சிறு விவசாயிக்கும் சேர்த்து உதவி வேண்டும். பசுந்தாள் விதை பருவத்துக்கு முன்னால் டெப்போவில் இருக்க வேண்டும். நம் அமைப்பு கொடுக்கும் ஒவ்வொரு மனுவிலும் இந்த இரண்டும் இருக்கட்டும்.

அந்தத் தம்பியிடம் இப்போதைக்கு ஒன்றுதான் சொன்னேன்: "இன்னொரு போகம் பாருப்பா. அதுக்குள்ள அம்பது ஏக்கர் சேத்துருவோம்." இதுவரை பத்தொன்பது சேர்ந்திருக்கிறது. டீக்கடையில் கேள்வி கேட்டாரே, அவரும் அரை ஏக்கர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.