குழந்தைகளுக்குக் காட்டலாமா இந்தப் படத்தை?

தண்ணீர் இல்லாத ஓர் ஊர்.

அந்த ஊர் மக்கள் கெஞ்சிப் பார்க்கிறார்கள். மனுக் கொடுத்துப் பார்க்கிறார்கள். கடைசியில் தாங்களே மண்வெட்டி எடுத்துக் கால்வாய் வெட்டப் போகிறார்கள். அதற்கும் தடை வருகிறது!

கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஊரே சிதைந்து போகிறது.

இதுதான் "தண்ணீர் தண்ணீர்" படத்தின் கதை.

1981-ம் ஆண்டு வெளிவந்த படம் இது. கோமல் சுவாமிநாதன் எழுதிய நாடகத்தை, கே. பாலசந்தர் படமாக எடுத்தார். கோவில்பட்டிப் பக்கத்து வறண்ட பூமியில், அத்திப்பட்டி என்ற ஊரில் கதை நடக்கிறது.

இந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா, கூடாதா?

பெற்றோர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. அதிலும் ராயக்கோட்டைப் பக்கத்துப் பெற்றோர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி!

ஒரு வீடு, ஒரு கேள்வி

ராயக்கோட்டையில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்.

அப்பாவுக்கு ஓசூர் தொழிற்சாலையில் வேலை. இரவு ஷிப்டு முடித்துக் காலையில் வீடு திரும்புகிறார். அம்மா தக்காளி மண்டிக்குப் போய் வருகிறார். வீட்டில் எட்டு வயதுப் பெண் குழந்தை.

ஞாயிற்றுக்கிழமை. டெலிவிஷனில் இந்தப் படம் ஓடுகிறது. எல்லோரும் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

படம் முடிகிறது. குழந்தை கேட்கிறது:

"அம்மா, அந்த ஊருக்குத் தண்ணீர் வரவே வராதா?"

அம்மா என்ன பதில் சொல்வாள்?

அந்தப் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது.

படத்தில் என்ன இருக்கிறது?

வெள்ளைச்சாமி என்று ஒருவன். போலீசுக்குப் பயந்து அலைகிறவன். அத்திப்பட்டிக்கு வந்து சேருகிறான்.

அவனுக்கு அடைக்கலம் கொடுக்கிறாள் செவந்தி. செவந்தியாக நடித்தவர் சரிதா.

வெள்ளைச்சாமி சும்மா இருக்கவில்லை. வண்டி கட்டிக்கொண்டு, தொலைவில் இருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டு வருகிறான். தாகத்தில் தவித்த ஜனங்களுக்கு அவன் தெய்வம் போல் ஆகிறான்.

ஆனால் செவந்தியின் புருஷன் யார் தெரியுமா? போலீஸ்காரன்!

தேடப்படும் ஆளுக்கு மனைவி அடைக்கலம் கொடுக்கிறாள். அவனைப் பிடிக்க வேண்டியவன் கணவன். ஊர் முழுவதும் ஒரு பக்கம். சட்டம் மறு பக்கம்.

வழக்கமான சினிமாவாக இருந்தால் கடைசியில் மழை கொட்டும். கெட்டவர்கள் திருந்துவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள்.

இதில் அப்படி எதுவும் இல்லை. ஊருக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. மனதில் பாறாங்கல்லை வைத்த மாதிரி படம் முடிகிறது.

விமர்சகர்கள் இந்தப் படத்தைக் கொண்டாடினார்கள். 1981-ம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. சிறந்த திரைக்கதைக்கான தேசிய விருதும் கிடைத்தது.

விருது கிடைத்தால் போதுமா? பிள்ளை பெற்றவர்களின் கவலை வேறு அல்லவா?

"வேண்டாம்" என்பவர்கள்

வேண்டாம் என்று சொல்லும் பெற்றோர்களின் பேச்சில் நியாயம் இருக்கிறது.

சிறு குழந்தைக்குக் கதை வேறு, நிஜம் வேறு என்று முழுதாகத் தெரியாது. திரையில் ஒருவன் துடித்தால், நிஜமாகவே துடிப்பதாக நினைக்கும். இரவில் தூக்கத்தில் அலறும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. "எது செய்தாலும் பயன் இல்லை" என்று பிஞ்சு மனதில் பதிந்துவிடக் கூடாது. அப்படிப் பதிந்தால், வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளை எதற்கும் முன்வராது.

"நாள் பூராவும் உழைத்துவிட்டு வருகிறோம். கொஞ்ச நேரம் சிரிக்கலாம் என்று பார்த்தால், அதிலும் அழுகையா?" என்று கேட்பவர்களும் உண்டு. அதுவும் தப்பு இல்லை.

"காட்டலாம்" என்பவர்கள்

மறு பக்கத்தையும் கேளுங்கள்.

குடத்தோடு வரிசையில் நின்ற குழந்தைக்குத் தண்ணீர்க் கஷ்டம் புதிது அல்ல. தான் படும் கஷ்டம் திரையில் வந்தால், "நமக்கு மட்டும் இல்லை, நம்மைப் போல் பல பேர் இருக்கிறார்கள்" என்று அதற்குத் தெரியும்.

குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டும் வீட்டுக் குழந்தைக்கு, ஒரு சொம்புத் தண்ணீரின் விலை தெரியும்.

துன்பத்தை மறைத்து வளர்த்த பிள்ளை, துன்பம் வரும்போது திகைத்துப் போகும். சொல்லி வளர்த்த பிள்ளை தாங்கிக்கொள்ளும்.

நம் பாட்டிமார்கள் நல்லதங்காள் கதையைச் சொல்லவில்லையா? பஞ்சத்தால் வாடி, பெற்ற பிள்ளைகளையே கிணற்றில் போட்ட தாயின் கதை அது. அதைவிடத் துயரமான கதை உண்டா? அதையும் கேட்டுத்தான் வளர்ந்தோம். ஆனால் பாட்டியின் மடியில் படுத்துக்கொண்டு கேட்டோம்! அந்த மடிதான் முக்கியம்.

அமெரிக்காவில் நடந்தது

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வரவில்லை. அமெரிக்காவையும் ஒரு முறை ஆட்டி வைத்தது.

1983-ம் ஆண்டு நவம்பர் 20-ந்தேதி. அங்கே டெலிவிஷனில் ஒரு படம் காட்டினார்கள். "மறுநாள்" என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம்.

அணுகுண்டு விழுகிறது. உணவு இல்லை, சட்டம் இல்லை. மனிதர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அதுதான் கதை.

சுமார் 10 கோடிப் பேர் அதைப் பார்த்தார்கள்!

படம் வருவதற்கு முன்பே பெற்றோர்கள் கலங்கினார்கள். சிறு குழந்தைகளைப் பார்க்க விடாதீர்கள் என்று கல்வியாளர்கள் எச்சரித்தார்கள். பார்ப்பவர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள், பிறகு பேசுங்கள் என்றார்கள். படம் முடிந்ததும், அறிஞர்களை அழைத்து அதே டெலிவிஷனில் பேச வைத்தார்கள்.

அப்போது அமெரிக்க ஜனாதிபதி ரீகன். அவர் அந்தப் படத்தை முன்கூட்டியே பார்த்தார். தன் மனம் மிகவும் சோர்ந்து போனதாக டைரியில் எழுதினார். நாட்டையே ஆளுகிறவருக்கே அப்படி என்றால், குழந்தைகளுக்கு எப்படி இருக்கும்?

பிறகு, 1987-ம் ஆண்டு, அவரும் ரஷ்யத் தலைவர் கோர்பசேவும் ஒரு வகை அணு ஏவுகணைகளை அடியோடு ஒழிக்க ஒப்பந்தம் செய்தார்கள். ஒரு படத்தால்தான் அது நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அச்சம் நல்ல வழியிலும் மனிதனைத் தள்ளும் என்பது உண்மை.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் விசித்திரம். 1965-ம் ஆண்டு, அணு யுத்தம் பற்றி பி.பி.சி. ஒரு படம் தயாரித்தது. எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, டெலிவிஷனில் காட்ட முடியாத அளவுக்குக் கொடூரமாக இருக்கிறது என்று நிறுத்தி வைத்தது. அந்தப் படத்துக்கே 1967-ல் ஆஸ்கார் பரிசு கிடைத்தது! ஆனாலும் பி.பி.சி. அதை டெலிவிஷனில் காட்டியது 1985-ல்தான். 20 ஆண்டுகள் பெட்டியில் தூங்கியது அந்தப் படம்.

சினிமா அல்ல, நிஜம்

"ஒரு குடம் தண்ணீருக்காக ஊர் சிதையுமா? எல்லாம் சினிமாக்காரர்களின் கற்பனை!" என்று சொல்பவர்கள் உண்டு.

2019-ம் ஆண்டு கோடைகாலத்தை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும்.

சென்னைக்குக் குடிநீர் கொடுக்கும் ஏரிகள் வறண்டன. ஓட்டல்கள் தண்ணீர் இல்லாமல் தவித்தன. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் அனுப்பினார்கள். 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர்!

படம் வந்து 38 ஆண்டுகளுக்குப் பிறகு, பட்டணமே அத்திப்பட்டி ஆனது.

ராயக்கோட்டைப் பக்கத்தாருக்கு இன்னொரு நினைவும் இருக்கும்.

2016-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். காவிரித் தண்ணீர்த் தகராறு முற்றியது. பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்கள் கொளுத்தப்பட்டன. இரு மாநில பஸ்களும் எல்லையில் நின்றன. ஜனங்கள் அத்திப்பள்ளியில் இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு நடந்தே ஓசூருக்கு வந்தார்கள்.

அதற்கு முன்பு, 1991-ம் ஆண்டு டிசம்பரில், அதே காவிரித் தகராறில் கர்நாடகத்தில் பெரிய கலவரம் நடந்தது. உயிர்கள் போயின. ஆயிரக்கணக்கான தமிழர்கள் வீடு வாசலை விட்டு எல்லை தாண்டி ஓடி வந்தார்கள்.

நேற்று வரை ஒரே தெருவில் குடியிருந்தவர்கள். ஒரே கடையில் அரிசி வாங்கியவர்கள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசியவர்கள். தண்ணீர் என்ற ஒரு சொல் அவர்களைப் பிரித்தது.

ஊர் சிதைவது என்றால் இதுதான். அதற்கு அணுகுண்டு தேவை இல்லை.

சர்டிபிகேட் என்ன சொல்கிறது?

படத்துக்குத் தணிக்கைக் குழு சர்டிபிகேட் கொடுக்கிறது. படம் ஆரம்பிக்கும்போது அது திரையில் தெரியும். பெற்றோர்களில் எத்தனை பேர் அதைக் கவனிக்கிறார்கள்?

"யு" என்றால் எல்லோரும் பார்க்கலாம்.

"ஏ" என்றால் 18 வயது ஆனவர்கள் மட்டும் பார்க்கலாம்.

நடுவில் "யு/ஏ" என்று ஒன்று உண்டு. குழந்தைக்குக் காட்டலாமா என்று பெற்றோர் யோசித்து முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் பொருள். 2024-ம் ஆண்டு முதல் இதை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். 7 வயது, 13 வயது, 16 வயது என்று மூன்று படிகள்.

ஆனால் சர்டிபிகேட்டுக்கு உங்கள் பிள்ளையைத் தெரியாது! இருட்டைக் கண்டு பயப்படும் குழந்தையா, துணிச்சலான குழந்தையா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

என்ன செய்யலாம்?

ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு இப்படிப்பட்ட படங்கள் வேண்டாம். அவர்கள் சிரிக்க வேண்டிய வயது.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால், தனியாகப் பார்க்க விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள்.

முதலில் நீங்கள் பார்த்துவிடுங்கள். எந்தக் காட்சியில் குழந்தை மிரளும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

குழந்தை பயந்தால் உடனே நிறுத்துங்கள். "இதுக்குப் போய் அழுகிறாயே" என்று கேலி செய்யாதீர்கள்.

படம் முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். "உனக்கு எது கஷ்டமாக இருந்தது?" என்று கேளுங்கள். குழந்தை பேசட்டும்.

கடைசியாக, ஒரு சின்ன வேலை கொடுங்கள். சொட்டும் குழாயை இறுக்கி மூடுவது, வாசல் செடிக்கு அரிசி களைந்த தண்ணீரை ஊற்றுவது, இப்படி ஏதாவது ஒன்று. கைக்கு வேலை கிடைத்தால் மனதில் பயம் குறையும்.

அம்மாவின் பதில்

இப்போது அந்த ராயக்கோட்டை வீட்டுக்குத் திரும்புவோம்.

"அந்த ஊருக்குத் தண்ணீர் வரவே வராதா?"

அம்மா பொய் சொல்ல வேண்டாம். "படத்தில் வரவில்லை கண்ணு" என்றே சொல்லலாம்.

அதோடு நிறுத்தாமல், இன்னொரு கதையையும் சொல்லலாம். அது நம் பக்கத்து நிஜக் கதை.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு என்ற உப்பு பல இடங்களில் அதிகம். அந்தத் தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பிள்ளைகளின் பல் பழுப்பானது. பெரியவர்களின் எலும்பு வளைந்தது.

மக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். ஒகேனக்கல்லில் இருந்து காவிரித் தண்ணீர் கொண்டுவரத் திட்டம் தீட்டினார்கள். ஜப்பான் கடன் கொடுத்தது. 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். அந்த ஆண்டே கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. பெங்களூரில் தமிழ்ப் படம் ஓடிய கொட்டகைகள்கூடத் தாக்கப்பட்டன.

ஆனாலும் திட்டம் கைவிடப்படவில்லை. சுமார் 1,928 கோடி ரூபாய்த் திட்டம் அது. 2013-ம் ஆண்டு திறந்து வைத்தார்கள். மலையும் காடும் தாண்டிக் குழாய் வந்தது.

எல்லாக் குறையும் தீர்ந்துவிட்டதா? இல்லை. தென்பெண்ணை ஆறு பெங்களூர்ப் பக்கத்துக் கழிவைச் சுமந்துகொண்டு ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கே வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இன்னும் எவ்வளவு வேலை பாக்கி இருக்கிறது என்று.

அதையும் குழந்தைக்குச் சொல்லுங்கள்.

அத்திப்பட்டிக்குத் தண்ணீர் வராதது விதியால் அல்ல. மனிதர்களால்! ஒகேனக்கல் தண்ணீர் வந்ததும் மனிதர்களால்தான்.

இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால், குழந்தை பயத்தோடு தூங்கப் போகாது. யோசனையோடு தூங்கப் போகும்.

காலையில் எழுந்ததும் அதுவே ஓடிப்போய், சொட்டும் குழாயை இறுக்கி மூடும்.