கச்சேரியே சினிமா ஆனது!

திருக்கோவிலூரில் ஒரு ரசிகர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அமெரிக்காவில் நடந்த ஏ.ஆர்.ரகுமான் கச்சேரியைப் பார்க்க அவருக்கு ஆசை. அவர் என்ன செய்வார்? விமானம் ஏறுவாரா? அதற்குப் பணம் எங்கே?

அவர் எங்கும் போக வேண்டாம். கச்சேரியே அவரைத் தேடி வரும்! சினிமாப் படமாக வரும்!

இந்தப் படத்தில் கதாநாயகன் இல்லை. வில்லன் இல்லை. சண்டை இல்லை. மேடை உண்டு, பாடுகிறவர்கள் உண்டு, வாசிக்கிறவர்கள் உண்டு, கை தட்டுகிற கூட்டம் உண்டு. அவ்வளவுதான். இதற்குக் கச்சேரிப் படம் என்று பெயர்.

அப்படி ஒரு படத்தை நம் தமிழ்நாட்டு இசையமைப்பாளரே எடுத்தார். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

14 ஊர், ஒரே படம்

ஏ.ஆர்.ரகுமான் சென்னையில் 1967ஆம் ஆண்டு பிறந்தவர். 1992ல் "ரோஜா" படத்தின் மூலம் புகழ் பெற்றார். 2009ல் ஒரே இரவில் இரண்டு ஆஸ்கார் பரிசுகளைக் கையில் வாங்கினார். இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

2015ல் அவர் தம் குழுவினருடன் வட அமெரிக்காவுக்குப் போனார். ஊர் ஊராகக் கச்சேரி செய்தார். மொத்தம் 14 நகரங்கள்!

அந்தக் கச்சேரிகளைக் காமிராக்கள் படம் பிடித்தன. மேடையை மட்டும் அல்ல; ஒத்திகையையும் பிடித்தன. குழுவில் உள்ள கலைஞர்கள் பேசியதையும் பிடித்தன. இவற்றை எல்லாம் வெட்டி ஒட்டி, "ஒன் ஹார்ட்" என்ற படமாக 2017ல் வெளியிட்டார்கள். "ஒரே இதயம்" என்பது அதன் பொருள்.

பாடகர் ஹரிசரண், பாடகி ஜோனிதா காந்தி, டிரம்ஸ் வாசிக்கும் ரஞ்சித் பாரோட், பேஸ் கித்தார் வாசிக்கும் மோகினி டே முதலியவர்கள் அதில் இடம் பெற்றார்கள்.

பேஸ் கித்தார் என்பது கனத்த நாதம் தரும் கித்தார். பாட்டின் அடியில் "தும் தும்" என்று ஒலிக்குமே, அதுதான். பாட்டைக் கேட்கும்போது அதை யார் வாசிக்கிறார்கள் என்று நாம் நினைத்துப் பார்ப்பது இல்லை. படத்தில் பார்க்கலாம். வாசிப்பவர் ஓர் இளம்பெண்!

"கட்" சொல்ல முடியாது!

கச்சேரியைப் படம் பிடிப்பது லேசான வேலையா? இல்லை.

சாதாரண சினிமாவில் ஒரு காட்சி சரியாக வராவிட்டால் டைரக்டர் "கட்" என்பார். மறுபடியும் எடுப்பார்கள். பத்துத் தடவை கூட எடுப்பார்கள். கச்சேரியில் அது நடக்குமா? பாடகர் பாடிக் கொண்டிருக்கிறார். ஆயிரக்கணக்கான பேர் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். "நிறுத்துங்கள், காமிரா சரியாக இல்லை" என்று சொல்ல முடியுமா?

ஆகையால், ஒரு காமிராவை நம்புவது இல்லை. பல காமிராக்களை வைக்கிறார்கள். ஒன்று தூரத்தில் நின்று மேடை முழுவதையும் பார்க்கும். ஒன்று பாடகரின் முகத்தை மட்டும் பார்க்கும். ஒன்று வாத்தியக்காரரின் விரல்களைப் பார்க்கும். ஒன்று கிரேனில் ஏறி, கூட்டத்தின் தலைக்கு மேலே பறக்கும். மேடை ஓரத்தில் நிற்கும் காமிராக்காரர்கள் பெரும்பாலும் கறுப்பு உடை அணிவார்கள். ரசிகர்களின் கண்ணுக்குத் தெரியக் கூடாது அல்லவா?

அதைவிடப் பெரிய வேலை ஒலிப்பதிவு.

பாடகரின் குரலைத் தனியாகப் பதிவு செய்கிறார்கள். டிரம்ஸ் தனி, கித்தார் தனி, புல்லாங்குழல் தனி. கை தட்டலுக்குக் கூடத் தனி மைக்! பின்னர் ஒலிக்கூடத்தில் உட்கார்ந்து, எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று அளந்து கலக்கிறார்கள். சாம்பாரில் புளியும் உப்பும் அளவாகச் சேர்ப்பது போலத்தான். ஒன்று கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது.

உதடு ஒரு பக்கம் அசைய, பாட்டு ஒரு பக்கம் கேட்டால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அதைத் தடுக்க ஒரு வழி உண்டு. எல்லாக் காமிராக்களிலும் ஒலிப்பதிவுக் கருவியிலும் ஒரே நேரக் கணக்கு ஓடும். அந்தக் கணக்கைப் பார்த்துப் படத்தையும் ஒலியையும் பொருத்தி விடுகிறார்கள்.

மரத்தின் பின்னால் மிருதங்கம்

தமிழ் சினிமா பேசத் தொடங்கியது 1931ல், "காளிதாஸ்" படத்தில். அந்தக் காலத்தில் நடிப்பவரே பாட வேண்டும். படப்பிடிப்பு நடக்கும்போதே பாட வேண்டும்! வாத்தியக்காரர்கள் எங்கே உட்காருவார்கள்? காமிராவின் கண்ணில் படாத மூலையில். சில சமயம் மரத்தின் பின்னால்!

1938ல் ஏவி.மெய்யப்பன் தயாரித்த "நந்தகுமார்" படத்தில் பின்னணிப் பாட்டு முறை தமிழுக்கு வந்தது. ஒருவர் பாட, இன்னொருவர் வாயசைத்தார். பிறகு அதுவே வழக்கமாகி விட்டது. பாடியவரின் முகம் ரசிகர்களுக்குத் தெரியாமல் போயிற்று. வாத்தியம் வாசித்தவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவருடைய பெயர் கூடத் தெரியாது!

கச்சேரிப் படம் அந்தத் திரையை விலக்குகிறது. பாடுகிறவரே பாடுவதைப் பார்க்கிறோம். வாசிக்கிறவரின் நெற்றி வேர்வையையும் பார்க்கிறோம்.

வெளிநாட்டில் நடந்தது

இந்த வகைப் படம் அமெரிக்காவில் பல ஆண்டுகளாக உண்டு. 1969ல் வூட்ஸ்டாக் என்ற விழா நடந்தது. நாலு லட்சத்துக்கும் அதிகமான இளைஞர்கள் கூடினார்கள். மழை கொட்டியது. நம் நாட்டு ரவிசங்கர் அந்த மழையில் உட்கார்ந்து சிதார் வாசித்தார். அந்த விழா 1970ல் படமாக வந்து ஆஸ்கார் பரிசும் பெற்றது.

1984ல் இன்னொரு படம் வந்தது. "டாக்கிங் ஹெட்ஸ்" என்ற குழுவின் படம் அது. முதலில் ஒரே ஒருவர் கித்தாருடன் மேடைக்கு வருகிறார். ஒரு பாட்டு முடிந்ததும் இன்னொருவர் வந்து சேருகிறார். அப்புறம் ஒருவர், அப்புறம் ஒருவர். இப்படியே மேடை நிறைகிறது! கச்சேரி எப்படி உருவாகிறது என்பதையே கதை போலச் சொல்லி விட்டார் டைரக்டர் ஜோனாதன் டெம்மி.

2023ல் டெய்லர் ஸ்விப்ட் என்ற அமெரிக்கப் பாடகியின் கச்சேரிப் படம் வெளியாயிற்று. உலகம் முழுவதும் அது வசூலித்த தொகை 25 கோடி டாலருக்கு மேல்!

அகதிகளுக்காக ஒரு கச்சேரி

இன்னொரு படத்தையும் சொல்ல வேண்டும்.

1971ல் வங்காள தேசத்தில் போர். லட்சக்கணக்கான மக்கள் அகதிகளாக இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள். ரவிசங்கரின் மனம் துடித்தது. தம் நண்பர் ஜார்ஜ் ஹாரிசனிடம் சொன்னார். ஹாரிசன் "பீட்டில்ஸ்" குழுவில் இருந்த புகழ் பெற்ற பாடகர். இருவரும் சேர்ந்து ஆகஸ்டு 1ந் தேதி நியூயார்க்கில் கச்சேரி நடத்தினார்கள்.

அன்று ஒரு வேடிக்கை. ரவிசங்கர் சிதாருக்குச் சுருதி சேர்த்தார். அதையே பாட்டு என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது! சுருதி சேர்ப்பதையே இவ்வளவு ரசிக்கிறீர்கள் என்றால், வாசிப்பதை இன்னும் அதிகமாக ரசிப்பீர்கள் என்று அவர் சிரித்தபடி சொன்னார். படம் எடுத்ததால்தான் அந்தக் காட்சி இன்றும் இருக்கிறது.

டிக்கெட் விற்ற பணம் சுமார் 2 லட்சத்து 43 ஆயிரம் டாலர். அது ஐ.நா. குழந்தைகள் நிதிக்கு உடனே போய்ச் சேர்ந்தது. ஆனால் இசைத்தட்டிலும் படத்திலும் வந்த பெரும் பணம் வரித் தகராறில் சிக்கிப் பல ஆண்டுகள் முடங்கியது. தர்மம் செய்வதற்கும் முன்கூட்டியே சரியான ஏற்பாடு வேண்டும் என்பதற்கு இது ஒரு பாடம்.

டிக்கெட் இருந்தும் இடம் இல்லை

கச்சேரிப் படம் நேரில் கேட்பதற்கு ஈடாகுமா? ஆகாது. ஆனாலும் அதில் ஒரு சௌகரியம் உண்டு.

2023 செப்டம்பர் 10ந் தேதி சென்னையை அடுத்த பனையூரில் ரகுமான் கச்சேரி நடந்தது. கட்டுக்கடங்காத கூட்டம்! டிக்கெட் வாங்கியவர்களில் பலர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் தவித்தார்கள். ரகுமான் வருத்தம் தெரிவித்தார். பணத்தைத் திருப்பித் தர ஏற்பாடு நடந்தது.

சினிமாக் கொட்டகையில் இந்தத் தொல்லை இல்லை. குழந்தையை மடியில் வைத்துக் கொண்டு தாய் பார்க்கலாம். தாத்தாவும் பாட்டியும் பார்க்கலாம். முதல் வரிசைக்காரருக்குத் தெரியாத விரலசைவு, கடைசி வரிசைக்காரருக்கும் தெரியும்!

தந்தை விட்டுச் சென்ற வாத்தியங்கள்

"ஒன் ஹார்ட்" படத்தைப் பற்றி முக்கியமான ஒரு செய்தி இனிமேல்தான் வருகிறது.

இந்தப் படத்தினால் தமக்குக் கிடைக்கும் வருமானம், வயது முதிர்ந்த இசைக் கலைஞர்களின் நலனுக்குப் போகும் என்று ரகுமான் அறிவித்தார்.

ரகுமானின் வாழ்க்கையைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. அவருடைய தந்தை ஆர்.கே.சேகர். மலையாளப் படங்களுக்கு இசை அமைத்தவர், இசைக்குழுவை நடத்தியவர். 1976ல் அவர் இறந்தபோது ரகுமானுக்கு வயது ஒன்பது. வீட்டில் மிஞ்சியவை தந்தையின் வாத்தியங்கள். அவற்றை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. பள்ளிப் பருவத்திலேயே ரகுமானும் பிற இசையமைப்பாளர்களிடம் வாசித்துச் சம்பாதிக்கப் போனார்.

வாத்தியம் வாசிக்கிறவருக்கு மாதச் சம்பளம் இல்லை. வாசித்தால் கூலி, இல்லாவிட்டால் இல்லை. கை நடுங்கத் தொடங்கினால்? அவர் வாசித்த பாட்டு வானொலியில் ஒலித்துக் கொண்டே இருக்கும். அவர் வீட்டு அடுப்பு எரியாது!

திருக்கோவிலூர் சொல்லும் பாடம்

பாட்டைக் காப்பாற்ற வேண்டும்; பாடியவரையும் காப்பாற்ற வேண்டும். இந்த இரண்டுக்கும் திருக்கோவிலூரிலேயே பழங்கதை இருக்கிறது.

ஒரு மழை இரவில் பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் ஆகிய மூவரும் இந்த ஊரில் ஓர் இருண்ட இடைகழியில் சந்தித்தார்கள் என்று சொல்வார்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவுதான் இடம். அங்கே நின்றபடியே மூவரும் பாடினார்கள். அந்தப் பாட்டெல்லாம் பின்னாளில் மறைந்து போக, நாதமுனிகள் அலைந்து தேடித் தொகுத்தார் என்பது வைணவ வரலாறு. ஒருவர் தேடியதால் பாட்டு பிழைத்தது!

இதே ஊரில், தென்பெண்ணை ஆற்றங்கரையில் ஆட்சி செய்தவன் மலையமான் திருமுடிக்காரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். பாடி வந்த பாணர்களையும் புலவர்களையும் பரிசு தந்து வாழ வைத்தவன். அவனைப் பாடிய கபிலரின் பெயரால் ஆற்றின் நடுவே இன்றும் ஒரு பாறை நிற்கிறது. கபிலர் குன்று என்று அதைக் காட்டுவார்கள்.

நாதமுனிகள் பாட்டைக் காத்தார். காரி பாடுகிறவர்களைக் காத்தான். ரகுமானின் கச்சேரிப் படம் இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்யப் பார்த்தது.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய படம் எடுக்க நம்மால் முடியாது. ஆனால் இன்று வீட்டுக்கு வீடு காமிரா இருக்கிறது. கைப்பேசியில் இருக்கிறது!

உங்கள் ஊரில் தெருக்கூத்து ஆடும் பெரியவர் இருக்கலாம். நாற்று நடும்போது பாடும் பாட்டி இருக்கலாம். கல்வராயன் மலையில் பழைய பாட்டு தெரிந்தவர்கள் இருக்கலாம். அவர்களிடம் சம்மதம் கேளுங்கள். கைப்பேசியைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். கிட்டே போய் நில்லுங்கள். குரல் தெளிவாகக் கேட்கும். பாட்டு முடிந்ததும் அவருடைய பெயரையும் ஊரையும் தேதியையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அதுவும் ஒரு கச்சேரிப் படம்தான்.

வறுமையில் வாடும் முதிய கலைஞர்களுக்கு அரசு மாதந்தோறும் நிதியுதவி தருகிறது. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் அதைக் கவனிக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்குத் தனி நல வாரியமும் இருக்கிறது. இது தெரியாமல் எத்தனையோ கலைஞர்கள் இருக்கிறார்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகள் அவர்களுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தால், அது பெரிய உதவி.

அடுத்த முறை கல்யாண வீட்டில் நாதசுரம் கேட்கும்போது, வாசித்தவரின் அருகே போய், "ஐயா, உங்கள் பெயர் என்ன?" என்று கேளுங்கள். அவர் முகம் மலர்வதைப் பாருங்கள்!