அன்ரிகனியின் சகோதரி

துன்பியல் நாடகம் ஒன்றைப் பற்றி மாணவி ஒருத்தி எழுதிய நான்கு பக்கக் கட்டுரை அண்மையில் எமது கைக்குக் கிட்டியது. பரிஸ் புறநகர்ப் பாடசாலை ஒன்றில் பயிலும் பதினேழு வயதுப் பிள்ளை. எமக்கு நன்கு தெரிந்த குடும்பம். வகுப்பிலே கொடுக்கப்பட்ட வினா இதுதான்: சொபோகிளிஸின் 'அன்ரிகனி' நாடகத்திலே குடும்பத்துக்கு உண்மையாக நின்றவர் யார்? ஏனைய மாணவர் அனைவரும் அன்ரிகனி என்றே எழுதினர். இப்பிள்ளை இஸ்மினி என்று எழுதினாள். கிடைத்தது இருபதுக்குப் பதினொரு புள்ளி. வினாவை விட்டு விலகிச் சென்றுள்ளது என ஓரத்திலே சிவப்பு மையாற் குறிக்கப்பட்டிருந்தது.

"புள்ளி கிடக்கட்டும் சேர், நான் எழுதினது பிழையோ?" என்று அவள் கேட்டாள். உடனே விடை சொல்ல எம்மால் இயலவில்லை.

கதையை அறியாதவர்க்குச் சுருக்கமாகக் கூறுவோம். தீப்ஸ் நகரின் அரசுரிமைக்காகப் பொருதிய சகோதரர் இருவர், எத்தியோகிளிஸும் பொலினிசஸும், ஒருவர் கையால் ஒருவர் மடிகின்றனர். அரசேற்ற கிறியோன், நகரைக் காத்தவன் என முன்னவனை உரிய மரியாதையுடன் அடக்கம் செய்விக்கின்றான். அந்நியப் படையுடன் வந்தவன் எனப் பின்னவனின் உடலை நாய்க்கும் பறவைக்கும் இரையாக விட்டு, அடக்கம் செய்ய முனைபவர்க்கு மரணதண்டனை என ஆணையிடுகின்றான். சகோதரி அன்ரிகனி ஆணையை மீறி அவ்வுடலின் மீது மண் தூவுகின்றாள், பிடிபடுகின்றாள், உயிருடன் கற்குகையில் அடைக்கப்படுகின்றாள். மற்றைய சகோதரி இஸ்மினியோ ஆள்வோரை எதிர்க்கத் தனக்கு வலுவில்லை என்று தொடக்கத்திலேயே ஒதுங்கிக்கொண்டவள்.

கி.மு. 441 அளவில் ஏதென்சில் மேடையேறியதாகக் கருதப்படும் இந்நாடகத்தின் உறவுமுறை, ஐரோப்பியரை விடத் தமிழருக்கு எளிதில் விளங்கும். சிற்றப்பனுக்கும் மாமனுக்கும் பிரெஞ்சு மொழியில் ஒரே சொல்தான். கிறியோன் அப்பெண்களின் தாயுடன் பிறந்தவன்; அதாவது தாய்மாமன். அவன் மகன் ஏமோன், அன்ரிகனிக்கு நிச்சயிக்கப்பட்டவன், முறை மச்சான். சாமத்தியச் சடங்கில் தேங்காய் உடைக்க முன்னிற்க வேண்டிய மாமன், மருமகளைக் குகையில் இட்டு மூடுகின்றான் என்று சொன்னால் எமது வீடுகளில் விளக்கவுரை வேண்டியதில்லை. மாணவி இதற்கென ஒரு பந்தியே ஒதுக்கியிருந்தாள். விலகிச் சென்றதாகக் குறிக்கப்பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று.

நாம் ஊரிலே பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த காலத்தில் ஒன்பது ஆண்டுகள் இந்நாடகத்தைக் கற்பித்தோம். இருபுறமும் நியாயம் உண்டு, இரு நியாயங்களின் மோதலே துன்பியல் என்ற ஹெகலின் கருத்தைக் கரும்பலகையில் எழுதி, அன்ரிகனியையும் கிறியோனையும் தராசின் இரு தட்டுகளிலும் வைத்து நிறுப்பதே எமது வழக்கம். பரீட்சை வினாவும் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதுவே. இஸ்மினிக்கு நாம் ஒதுக்கியது ஒரேயொரு வாக்கியம்: அன்ரிகனியின் துணிவைத் துலக்கிக் காட்டுதற்காகப் படைக்கப்பட்ட கோழைப் பாத்திரம். இன்று அவ்வாக்கியத்தை நினைக்கையிற் சற்றுக் கூச்சமாகவே உள்ளது.

ஏனெனில் மாணவி சுட்டிக்காட்டியவை யாவும் மூலத்தில் உள்ளவையே. அன்ரிகனி பிடிபட்ட பின்னர் இஸ்மினி அரசன் முன் வருகின்றாள். தானும் உடந்தை என்கின்றாள். சகோதரியுடன் சேர்ந்து சாக விரும்புகின்றாள். அன்ரிகனி அதனைக் கடுஞ்சொல்லால் மறுக்கின்றாள். அவமதிக்கப்பட்ட பின்னரும் இஸ்மினி கிறியோனிடம், சொந்த மகனுக்கு நிச்சயித்த பெண்ணையா கொல்லப் போகின்றாய் என்று மன்றாடுகின்றாள். அந்த மணவுறவைப் பற்றிய பேச்சே நாடகத்தில் முதன்முதலாக அவள் வாயிலிருந்துதான் பிறக்கின்றது. செத்தவனைச் சேர்த்துக்கொள்ள அன்ரிகனி இருந்தாள். உயிரோடிருப்பவர்களை ஒன்றாகக் கட்டி வைக்க முயன்றது இவள் ஒருத்தியே என்பது மாணவியின் வாதம்.

அடுத்தது எம்மைத் திகைக்க வைத்த இடம். குகைக்குச் செல்லுமுன் அன்ரிகனி ஒரு விசித்திரமான கணக்கைக் கூறுகின்றாள். கணவனோ பிள்ளையோ இறந்திருந்தால் தான் சட்டத்தை மீறியிருக்க மாட்டாள். வேறு கணவனும் வேறு பிள்ளையும் வாய்க்கக்கூடும். தாய் தந்தையர் இறந்துவிட்டமையால் இனியொரு சகோதரன் பிறக்கப் போவதில்லை என்கின்றாள். இதே நியாயத்தைப் பாரசீகப் பெண் ஒருத்தி கூறியதாக ஹெரோடோட்டஸும் எழுதியுள்ளார். ஜேர்மனியக் கவிஞர் கேதேக்கு இப்பகுதி அறவே பிடிக்கவில்லை. இது இடைச்செருகல் என்று எவரேனும் நிறுவிவிட மாட்டார்களா என 1827இல் அங்கலாய்த்தார். அறிஞர்கள் இன்றுவரை இதனைச் சொபோகிளிஸ் எழுதினாரா இல்லையா என்று வாதிடுகின்றனர்.

மாணவிக்கு அந்த ஆராய்ச்சியில் அக்கறையில்லை. அவள் கேட்பது இதுதான்: அதே கணக்கின்படி இனியொரு சகோதரியும் பிறக்கப் போவதில்லையே? அன்ரிகனி ஏன் இஸ்மினியை எண்ணவில்லை?

எண்ணவில்லை என்பது உண்மை. தன் இறுதிச் சொற்களில், அரச குலத்தில் எஞ்சிய கடைசிப் பெண் தானே என்று அன்ரிகனி சொல்லிக்கொள்கின்றாள். இஸ்மினி அப்போது உயிருடன் அரண்மனைக்குள் இருக்கின்றாள். ஒன்பது ஆண்டுகள் இவ்வரியை வகுப்பிலே வாசித்த எமக்கு இது உறைக்கவில்லை.

ஆயினும் பிள்ளையின் பக்கம் முழுதாகச் சாய்ந்துவிட எமக்கு மனமில்லை. அன்ரிகனி செய்தது வெறும் பிடிவாதம் அன்று. துரோகி எனத் தீர்க்கப்பட்டவனுக்கு அத்திக்க மண்ணில் இடமில்லை என்பது ஏதென்சின் நடைமுறைச் சட்டம். பாரசீகரைக் கடற்போரில் வெல்லக் காரணராயிருந்த தெமிஸ்ரோகிளிஸ் பின்னர் துரோகக் குற்றம் சுமத்தப்பட்டு, அந்நிய நாட்டில், முன்னாள் எதிரியான பாரசீக மன்னனின் தயவிலேயே இறந்தார். அவரது எலும்புகளை உறவினர் இரகசியமாக எடுத்துவந்து அத்திக்க மண்ணில் புதைத்ததாகச் சொல்லப்படுகிறது என்று வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதுகின்றார். நாடகத்தைப் பார்க்க வந்திருந்தோருள் அச்செய்தி காதில் விழுந்த வயோதிபரும் இருந்திருப்பர். 1944 பெப்ரவரியில், ஜேர்மனியப் படைகளின் பிடியில் இருந்த இதே பரிஸ் நகரில் ஜோன் அனூய் தமது 'அன்ரிகனி'யை மேடையேற்றியபோது, சபையோர் எவரை நினைத்துக்கொண்டிருப்பர் என்று நாம் சொல்லத் தேவையில்லை. மண் தூவ ஒரு கை இல்லாவிடில் உடல் வெளியிலேயே கிடந்திருக்கும்.

இதைச் சொன்னபோது மாணவி மறுக்கவில்லை. கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். கிறியோன் ஈற்றில் மனம் மாறுகின்றான். முதலிற் குகைக்குச் சென்று பெண்ணை விடுவி, பின்னர் இறந்தவனுக்குக் கல்லறை எழுப்பு என முதியோர் அவனுக்கு வழி சொல்கின்றனர். அவனோ முதலிற் பிணத்திடம் செல்கின்றான். எஞ்சிய உடலைக் கழுவி, எரித்து, மேடு எழுப்பி, அதன் பின்னரே குகைக்கு விரைகின்றான். அங்கே அன்ரிகனி தூக்கிலே தொங்குகின்றாள். ஏமோன் அவளருகே வாளைத் தன் மீது பாய்ச்சிக்கொள்கின்றான். செய்தி கேட்ட அவன் தாயும் தன்னை மாய்த்துக்கொள்கின்றாள். அவ்விடத்தில் மாணவி இரண்டு கோடுகள் இழுத்திருந்தாள்.

அக்கட்டுரையில் அவளுடைய தாயாரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எமக்குத் தெரிந்ததை நாம் எழுதுகின்றோம். 2017ஆம் ஆண்டு தாயாரின் ஒரே தம்பி ஊரிலே காலமானார். பெற்றோர் முன்னரே போய்விட்டனர். இங்கே அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீடு விசாரணைக்குக் காத்திருந்த நேரம். நாடு திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்று எழுதிக் கொடுத்தவர் செத்தவீட்டுக்கென விமானம் ஏறினால் வழக்கு அத்தோடு சரி. திரும்பி வரவும் இயலாது. பத்து வயது மகளும் இரண்டு வயது மகனும் இங்கே. அவர் போகவில்லை. ஒற்றை அறை வீட்டில், கைத்தொலைபேசியின் சிறு திரையில், தம்பியின் உடல் முற்றத்தை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரண அறிவித்தலில் சகோதரி என்று அவர் பெயரும், பக்கத்தில் அடைப்புக்குள் பிரான்ஸ் என்பதும் இருந்தன. கூடப்பிறந்தவனின் முகம் பார்க்க வராதவள் என்று உறவினர் சிலர் பேசினர். அந்தியேட்டி கழிந்து பல மாதங்கள் வரை அவருடன் தொலைபேசியிற் கதைக்காதோரும் உண்டு. பத்து வயது மகள் இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கின்றாள்.

சென்ற ஞாயிறு அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தோம். மகள் கட்டுரையைத் தமிழாக்கித் தாய்க்கு வாசித்தாள். தடுமாறிய இடங்களில் நாம் சொல் எடுத்துக் கொடுத்தோம். தாயார் மரக்கறி வெட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்றார். நாடகத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை, உள்ளே கொண்டுபோன பிறகு அவள் மேடைக்கு வரவேயில்லை என்றோம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"மூண்டு செத்தவீடு, சேர். எல்லாத்தையும் அந்தப் பிள்ளைதானே நிண்டு செய்திருக்கும்."