தொடக்கல் பதிவுகள்

மாணவர்களே, கணினியின் ஆளியை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அல்ல. தாய்ப்பலகையிலுள்ள சில்லில் பதிந்திருக்கும் நிலைபொருளே முதலில் இயங்குகின்றது. அது வன்பொருள்களைச் சோதித்த பின்னர் பணிசெயல் முறைமையைத் தேடிப் பிரதான நினைவகத்தில் ஏற்றச் செய்கின்றது. 1981இல் வெளிவந்த ஐ.பீ.எம். தனியாள் கணினியில் இவ்வேலையைச் செய்தது பயோஸ். இன்றைய கணினிகளில் அவ்விடத்தில் இருப்பது யு.ஈ.எப்.ஐ. ஆகும்.

பயோஸ் வன்தட்டின் முதல் 512 பைற்றை வாசித்து அதன்படி நடக்கும், அவ்வளவுதான். யு.ஈ.எப்.ஐ.யோ அழிதகா நினைவகத்தில் ஓர் இடாப்பு வைத்திருக்கின்றது. அதன் ஒவ்வொரு வரியும் ஒரு தொடக்கல் பதிவு எனப்படும். பதிவில் இருப்பவை முறைமையின் பெயரும் அதைத் தொடக்கும் கோப்பின் முகவரியுமே. பூட்0000, பூட்0001 எனப் பதினறும எண்களால் இவை குறிக்கப்படும். எனவே பூட்0009 இற்கு அடுத்தது பூட்0010 அன்று, பூட்000ஏ. எதை முதலில் முயல்வது என்ற வரிசை வேறாகச் சேமிக்கப்படும்.

அம்பிட்டியவில் எனது வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தி, விண்டோசுடன் ஹந்தானை லினக்ஸையும் மடிக்கணினியில் நிறுவியிருந்தாள். எமக்கு அண்மையிலுள்ள மலைத்தொடரின் பெயரைத் தாங்கி, பெடோராவை அடிப்படையாகக் கொண்டு இலங்கையில் உருவான முறைமை அது. விண்டோஸ் இற்றைப்படுத்தலொன்றின் பின் லினக்ஸ் தொடங்கவில்லை. திருத்துமிடத்தில் "போர்மட் பண்ணத்தான் வேண்டும்" என்றார்களாம். அவளது செயற்றிட்டம் முழுவதும் அதற்குள்! நல்லவேளை, அவள் சம்மதிக்கவில்லை.

கியூ.ஈ.எப்.ஐ. என்ட்ரி மனேஜர் என்னும் வரைவியல் பயனர் இடைமுகக் கருவியை நிர்வாகி அனுமதியுடன் திறந்தோம. லினக்ஸ் பதிவு பத்திரமாக இருந்தது, விண்டோசுக்குக் கீழே. அதைத் தெரிந்து மேலே நகர்த்திச் சேமித்தோம். மீளத் தொடக்கியதும் லினக்ஸ் வந்துவிட்டது. லினக்ஸில் இதையே செய்ய ஈ.எப்.ஐ.பூட்எம்.ஜி.ஆர். என்றொரு கட்டளை உண்டு (சிரிக்க வேண்டாம், மனேஜரின் சுருக்கம்). கலைப் பட்டதாரியான எனக்குச் சுட்டியே வசதி.

பதிவை அழித்தேவிட்டால்? இடாப்பில் பெயரை வெட்டினால் மாணவன் வகுப்பறையிலிருந்து மறைந்துவிடுவானா? கோப்புகள் வன்தட்டிலேயே இருக்கும். அவற்றின் முகவரியைக் காட்டிப் பதிவைத் திரும்பச் சேர்க்கலாம். ஆயினும் அந்த முகவரி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே எதையும் தொட முன்னர் பட்டியல் முழுவதையும் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். வரிசையை நிரந்தரமாக மாற்ற முன், அடுத்த தடவைக்கு மாத்திரம் எனத் தெரிவுசெய்து பாருங்கள். பிழைத்தாலும் அதற்கு அடுத்த முறை பழைய வரிசையே வரும்.