ஆட்டமில்லாத நாளில் ஃபென்வே பார்க்

பாஸ்டன் நகரத்து ஃபென்வே பார்க், மேஜர் லீக் பேஸ்பால் இன்றும் நடக்கும் மைதானங்களில் மிகப் பழையது. இதைச் சொந்த மைதானமாகக் கொண்ட ரெட் சாக்ஸ் அணி இங்கே தன் முதல் லீக் ஆட்டத்தை 1912 ஏப்ரல் 20 அன்று ஆடி ஜெயித்தது. டைட்டானிக் மூழ்கி ஐந்து நாள்தான் ஆகியிருந்ததால் செய்தித்தாள்களில் அந்த வெற்றிக்குப் பெரிய இடம் கிடைக்கவில்லை.

ஆட்டம் இல்லாத நேரத்தில் காசு கொடுத்து டூரில் உள்ளே போய் எதைப் பார்ப்பது என்பது பலரும் கேட்கும் கேள்வி. சுவரைப் பார்க்கலாம். ஆட்டம் நடக்கும்போது கண் பந்தின் பின்னாலேயே ஓடிவிடும். சுவரை நின்று நிதானமாகப் பார்க்க டூர்தான் வழி.

இடது மூலையில் நிற்கும் அந்தப் பச்சைச் சுவருக்கு கிரீன் மான்ஸ்டர் என்று பெயர். உயரம் 37 அடி. பந்தை அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து இடது ஃபவுல் கம்பம் வரை 310 அடிதான். இவ்வளவு கிட்டத்தில் இவ்வளவு உயரமாக ஒரு சுவர் நிற்பதற்கு யாருடைய கலைக் கற்பனையும் காரணமல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் லான்ஸ்டவுன் தெரு ஓடுகிறது. தெரு நகராது; எனவே மைதானம் ஒடுங்கிக்கொண்டது. ஓசியில் ஆட்டம் பார்ப்பவர்களை மறைக்க முதலில் மரத்தில் எழுப்பிய தடுப்புதான் பிறகு இந்த உருவம் எடுத்தது. 1947 வரை அதன்மேல் விளம்பரங்கள் இருந்தன. பச்சை வண்ணம் அதற்குப் பிறகு வந்தது.

இந்தச் சுவரால் ஆட்டமே மாறிப்போகிறது. வேறு ஊரில் கேட்ச் ஆகியிருக்கும் உயரமான அடி இங்கே சுவரைத் தாண்டி ஹோம் ரன் ஆகிவிடும். வேறு ஊரில் ஹோம் ரன் ஆகியிருக்கும் தாழ்வான, பலமான அடி இங்கே சுவரில் மோதித் திரும்பி வந்து டபுளோடு, அதாவது இரண்டாம் பேஸோடு, நிற்கும். 1978 அக்டோபரில் யாங்கீஸ் அணியின் பக்கி டென்ட் இந்தச் சுவருக்கு மேலே அனுப்பிய பந்து ரெட் சாக்ஸின் அந்தப் பருவத்தையே முடித்துவைத்தது. டென்ட் ஒன்றும் பெரிய அடிக்குப் பேர்போனவர் அல்ல. பாஸ்டன்காரர்கள் இன்றும் அவர் பெயருக்கு நடுவே ஒரு கெட்ட வார்த்தையைச் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

1958 ஜூனுக்குப் பிறகு கட்டும் மைதானங்களில் ஃபவுல் கோட்டின் நீளம் குறைந்தது 325 அடி இருக்க வேண்டும் என்கிறது விதி. ஃபென்வே அதற்கு முன்பே கட்டப்பட்டது என்பதால் தப்பித்தது. வலது மூலையின் ஃபவுல் கம்பமான பெஸ்கி கம்பம் இன்னும் பக்கம், 302 அடி. நடுவில் ஓரிடத்தில் மட்டும் வேலி 420 அடிக்குப் போய் முக்கோணமாக மடங்குகிறது. கிடைத்த மனைக்குள் மைதானத்தை அடக்கினால் இப்படித்தான் கோணல்மாணலாக வரும். இன்று திட்டம்போட்டுக் கோணலாகக் கட்டும் புது மைதானங்களில் இந்த ருசி இல்லை.

சுவரின் அடியில் ஸ்கோர்போர்டு. இன்னும் கையால்தான் எண் மாட்டுகிறார்கள். பின்னால் இருப்பது ஒடுக்கமான ஒரு சந்து. அதன் சிமெண்டுச் சுவரெல்லாம் வீரர்களின் கையெழுத்து. ஆட்டத்தைப் பார்க்கக் குறுகலான திறப்பு ஒன்று உண்டு, கழிப்பறை கிடையாது. ஆட்டம் கூடுதல் இன்னிங்ஸுக்குப் போனால் உள்ளே இருப்பவர்கள் பாடு அவர்களுக்குத்தான் தெரியும். போர்டின் வெள்ளைக் கோடுகளில் மோர்ஸ் புள்ளிகளாகச் சில எழுத்துகள் தெரியும். அவை முன்னாள் உரிமையாளர்கள் டாம் யாக்கி, ஜீன் யாக்கி இருவரின் முதலெழுத்துகள். கைடு சொல்லாவிட்டால் வெறும் அலங்காரம் என்றே தோன்றும்.

இந்தச் சந்துக்கு ஒரு எலிக் கதையும் உண்டு. 1975 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் கார்ல்டன் ஃபிஸ்க் அடித்த பந்து இடது கம்பத்தில் பட்டு ஹோம் ரன் ஆனது. பந்து கோட்டுக்கு உள்ளே விழ வேண்டுமென்று அவர் இரு கைகளையும் வீசி வீசித் தள்ளும் காட்சி புகழ்பெற்றது. அதைப் படமெடுத்த கேமரா ஸ்கோர்போர்டுக்குள் இருந்தது. பக்கத்தில் எலி ஒன்று நின்றதால் கேமராவைத் திருப்பாமல் ஃபிஸ்க் மீதே வைத்துவிட்டார் கேமராக்காரர் என்பார்கள். பந்தை விட்டு வீரரின் முகத்தைக் காட்டும் வழக்கத்துக்கு அந்தக் காட்சியைத்தான் தொலைக்காட்சி உலகம் முன்னுதாரணமாகச் சொல்கிறது.

சுவருக்கு மேலே 2003-இல் இருக்கைகள் போட்டார்கள். அங்கே நின்றால் ஒரு பக்கம் ஆடுகளம், திரும்பினால் நேர் கீழே லான்ஸ்டவுன் தெரு. 310 அடிக்கான காரணத்தை அந்த ஒரு திருப்பத்திலேயே கண்ணால் பார்த்துவிடலாம். முன்பு அந்த இடத்தில் வலை இருந்தது. அதில் விழும் பந்துகளை எடுக்க வைத்த ஏணி மட்டும் வேலையில்லாமல் இன்னும் சுவரில் தொங்குகிறது.

எதிர்ப்பக்கம், வலதுபுறக் கேலரியின் பச்சை இருக்கைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் சிவப்பு. 1946 ஜூன் 9 அன்று டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து அங்கே இருந்தவரின் வைக்கோல் தொப்பியில் விழுந்தது. அவ்வளவு தூரம் போயிருக்குமா என்று பிற்கால வீரர்கள் சிலர் சந்தேகப்பட்டதுண்டு.

பழைய மர இருக்கைகள் குறுகலானவை. சிலவற்றுக்கு முன்னால் இரும்புத் தூண் மறைக்கும். ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கும் எண்ணம் இருந்தால் டூரிலேயே உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

நடைமுறை விவரங்கள் சுருக்கமாக: டூர் சுமார் ஒரு மணி நேரம், குளிர்காலத்திலும் உண்டு. டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்குவது நல்லது. ஆட்ட நாளில் சில பகுதிகளுக்கு விடமாட்டார்கள், டூரும் சீக்கிரமே முடிந்துவிடும். புல்லில் கால் வைக்கக் கூடாது. மெட்ரோவில் வருவோர் பெயரைப் பார்த்து ஃபென்வே நிலையத்தில் இறங்கிவிடுகிறார்கள். கிரீன் லைனில் கென்மோர்தான் பக்கம். புறநகர் ரயிலில் வந்தால் இறங்க வேண்டிய நிலையம் லான்ஸ்டவுன்.