தென்கால் தண்ணீர் எப்படி இருக்கிறது?

தாமிரபரணியின் கடைசி அணையான ஸ்ரீவைகுண்டத்தில் பிரியும் தென்கால் திருச்செந்தூர் வட்டாரத்துக் குளங்களுக்குப் பாய்கிறது. அதற்கு முன்பே நெல்லையின் வீட்டுச் சாக்கடை ஆற்றில் கலந்துவிடுகிறது.

தண்ணீர் தெளிவாகத் தெரிகிறதே என்று நம்பிவிட முடியாது. மாசை அளக்க, காற்றுக்குமிழி இல்லாமல் அந்தத் தண்ணீரால் பாட்டிலை நிரப்பி, 27 டிகிரி செல்சியஸில் 3 நாள் இருட்டில் வைப்பார்கள். கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் அதற்குள் எவ்வளவு ஆக்சிஜனைத் தீர்த்தன என்பதுதான் கணக்கு. அது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அளவுகோலின்படி குளிக்கக்கூட ஆகாது.

கருவி இல்லையா? அடிச்சேற்றைக் கிளறுங்கள். ரத்தச் சிவப்பில் நெளியும் புழுக்கள் மட்டுமே தென்பட்டால் சந்தேகப்படலாம். உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த நீரிலும் அவை பிழைக்கும். மண்டிக் கிடக்கும் அமலைச்செடிக்கோ (ஆகாயத்தாமரை), சாக்கடையின் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இலவச உரம்.